முதலில் வந்த அம்மா யார்?

ஸ்ரீவில்லிபுத்தூரில் மாலை சீக்கிரம் வந்துவிடும். மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை சுவர் மாதிரி நிற்கிறது. சூரியன் அடிவானத்தைத் தொடுவதற்கு முன்பே மலைக்குப் பின்னால் போய்விடுகிறது. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருக்கும். தெருவில் நிழல் இறங்கியிருக்கும். பால்கோவா கடைகளில் ஒவ்வொன்றாக விளக்கு எரியத் தொடங்கும். 192 அடி உயர ஆண்டாள் கோயில் ராஜகோபுரம், பதினொரு நிலைகளோடு கறுப்பாக எழுந்து நிற்கும்.

அந்த நேரத்தில் மடவார் வளாகத்துக்குப் போய்ப் பாருங்கள். இது சிவன் கோயில். சுவாமி பெயர் வைத்தியநாதர், அம்பாள் சிவகாமி. வெளியே ஆட்டோ சத்தம், பஸ் ஹாரன், செல்போன் பேச்சு. வாசலைத் தாண்டி உள்ளே நடக்க நடக்க அதெல்லாம் தேய்ந்துபோகும். கல்தரையில் தன் காலடிச் சத்தம் தனக்கே கேட்கும். தூண் ஓரத்தில் யாரோ நிற்கிற மாதிரி இருக்கும். கிட்டே போனால், அது தூணின் நிழல்தான்.

இதைப் பயம் என்று சொல்ல முடியாது. ஆனால் மனது கொஞ்சம் விழித்துக்கொள்கிறது. கண்ணும் காதும் கூர்மையாகின்றன. திகில் கதை எழுதுகிறவர்கள் முதல் பக்கத்தில் தேடுவது இந்த விழிப்பைத்தான். பேயைக் கூட்டி வருவதற்கு வெகு முன்னாலேயே அவர்கள் இடத்தைத் தயார் செய்துவிடுவார்கள்.

அதை எப்படிச் செய்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள இந்தக் கோயிலின் தலபுராணத்தைக் கேட்டாலே போதும். அது பக்திக் கதைதான். ஆனால் முக்கால்வாசி தூரம் ஒரு திகில் கதை நடக்கிற பாதையிலேயே நடக்கிறது.

காட்டு வழியில் ஒரு கர்ப்பிணி

முதல் பிரசவத்துக்குப் பெண் தாய் வீடு போவது நம் வழக்கம். அம்மா வந்து அழைத்துப் போவாள். தலபுராணத்தில் வரும் பெண்ணும் அப்படித்தான் அம்மாவுக்காகக் காத்திருக்கிறாள். நாள் நெருங்குகிறது. அம்மா வரவில்லை. என்ன ஆனதோ தெரியவில்லை. இனியும் பொறுக்க முடியாது என்று நிறைமாத வயிற்றோடு அவளே தனியாகக் கிளம்பிவிடுகிறாள்.

வழியெல்லாம் காடு. பாதி தூரத்தில் வலி எடுக்கிறது. முன்னால் போனாலும் ஊர் தூரம், திரும்பினாலும் தூரம். அதற்கு மேல் நடக்க முடியாமல் உட்கார்ந்துவிடுகிறாள். அம்மாவை நினைத்து அழுகிறாள். ஈசனைக் கூப்பிடுகிறாள்.

அம்மா வந்துவிட்டாள்!

வந்தவள் பிரசவம் பார்க்கிறாள். குழந்தை நல்லபடியாகப் பிறக்கிறது. மகளுக்குத் தாகம். சுற்றிலும் தண்ணீர் இல்லை. அம்மா விரலால் தரையைக் கீறுகிறாள். மண்ணிலிருந்து நீர் பொங்கி வருகிறது. மகள் குடிக்கிறாள், வலியெல்லாம் தீருகிறது. காயக்குடி ஆறு என்ற பெயரை அந்த நீரோடு சேர்த்துச் சொல்கிறது தலபுராணம்.

அப்போது தூரத்தில் இன்னொருத்தி ஓட்டமும் நடையுமாக வருகிறாள். கிட்டே வந்ததும் முகம் தெரிகிறது. அவளும் அம்மா!

இங்கேயே ஒரு நிமிடம் நில்லுங்கள். நடுக்காடு. பச்சைக் குழந்தை. பக்கத்தில் ஓர் அம்மா, எதிரே ஓர் அம்மா. ஒரே முகம், ஒரே குரல். அப்படியானால் முதலில் வந்த அம்மா யார்?

தலபுராணம் நம்மை அதிக நேரம் தவிக்க விடுவதில்லை. தாயாக வந்தவர் ஈசனே என்று சொல்லிவிடுகிறது. அம்மை அப்பனாகக் காட்சி கொடுக்கிறார். வைத்தியம் பார்த்தவர் என்பதால் வைத்தியநாதர். கேட்கிறவர்களுக்கு உடம்பு சிலிர்க்கிறது. திருச்சி தாயுமானவர் கதையைக் கேட்டவர்களுக்கு இந்தச் சிலிர்ப்பு தெரிந்ததுதான்.

இதே கதையை ஒரு திகில் எழுத்தாளரிடம் கொடுத்தால் அவர் அதிகம் மாற்ற வேண்டியிருக்காது. இரண்டாவது அம்மா வந்து நிற்கிற இடத்தில் முற்றுப்புள்ளி வைத்துவிட்டால் போதும். அதே காடு, அதே மாலை, அதே முகம். ஆனால் கேட்கிற குழந்தை அன்று ராத்திரி பாட்டி சேலையை விடாது.

தூரம் சொல்கிற கதைகள்

அந்தக் கதையில் நம்மை முதலில் பிடித்துக்கொள்வது எது? தூரம். வலி எடுக்கும் இடம் ஊருக்குள் இருந்திருந்தால் அங்கே கதையே இல்லை. பக்கத்து வீட்டு அத்தை ஓடி வந்திருப்பாள். கூப்பிட்டால் ஆள் வராத தூரத்தில் கதை அவளை உட்கார வைக்கிறது. அதன் பிறகு எது நடந்தாலும் அது அவளுக்குத் தனியாகத்தான் நடக்கும்.

டபிள்யூ. டபிள்யூ. ஜேக்கப்ஸ் என்ற ஆங்கில எழுத்தாளர் 1902-ல் எழுதிய 'குரங்கின் பாதம்' உலகம் முழுக்கத் தெரிந்த கதை. ஒரு குளிர்ந்த மழை ராத்திரி. வீட்டுக்குள் அப்பாவும் மகனும் சதுரங்கம் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். அம்மா கணப்பு ஓரம் பின்னல் வேலை செய்துகொண்டிருக்கிறாள். சுகமான வீடு. அப்போது அப்பா திடீரென்று அலுத்துக்கொள்கிறார். ஊரை விட்டு இவ்வளவு தள்ளி வீடு பார்த்தோமே, பாதையெல்லாம் சேறு, தெருவில் குடியிருப்பவர்களே குறைவு என்று புலம்புகிறார்.

சதுரங்கத்தில் தோற்கப் போகிற எரிச்சல் என்று நினைத்து நாம் அதைத் தாண்டிப் போய்விடுகிறோம். ஆனால் எழுத்தாளர் அங்கேயே வேலையை முடித்துவிட்டார். பிறகு இந்தியாவிலிருந்து ஒரு சிப்பாய் கொண்டுவந்த குரங்கின் பாதம் வீட்டுக்குள் வருகிறது. அது மூன்று வரம் தரும் என்கிறான். அப்பா பணம் கேட்கிறார். மறுநாள் மகன் வேலை பார்க்கும் ஆலையிலிருந்து ஆள் வருகிறார். மகன் இயந்திரத்தில் சிக்கி இறந்துவிட்டான். அதற்கான இழப்பீடு இது என்கிறார். கேட்ட அதே தொகை!

சில நாள் கழித்து, நள்ளிரவில், இறந்த மகனைத் திரும்பக் கேட்கிறாள் அம்மா. கதவு தட்டப்படுகிறது. அவள் ஓடுகிறாள். தாழ்ப்பாள் இறுகியிருக்கிறது, எட்டவில்லை, நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறுகிறாள். வெளியே நிற்பது என்ன நிலையில் இருக்கும் என்று அப்பாவுக்குத் தெரியும். மூன்றாவது வரத்தைக் கேட்கப் பதறுகிறார். கதவு திறக்கும்போது வெளியே யாரும் இல்லை. வெறும் தெரு.

அந்தத் தெரு வெறுமையாக இருக்கும் என்று முதல் பக்கத்திலேயே நமக்குச் சொல்லியாகிவிட்டது. அக்கம்பக்கம் ஆள் இருந்திருந்தால் யாராவது எட்டிப் பார்த்திருப்பார்கள். கதவைத் தட்டியது யார் என்ற கேள்விக்குச் சாட்சி கிடைத்திருக்கும். வீடு தள்ளி இருந்ததால் சாட்சி இல்லை. பயம் வாசகரோடு வீட்டுக்கு வந்துவிடுகிறது.

ராஜபாளையம் இங்கிருந்து பதினோரு கிலோமீட்டர்தான். பஞ்சாலைகளும் மருத்துவப் பஞ்சு, பேண்டேஜ் துணித் தொழிலும் உள்ள ஊர். நைட் ஷிப்ட் முடிந்து வருகிற பிள்ளைக்காகச் சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு, தெருவில் சைக்கிள் சத்தத்துக்குக் காது கொடுத்துக்கொண்டு படுத்திருந்த அம்மாக்கள் உள்ள ஊர். அங்கே உட்கார்ந்து இந்தக் கதையைப் படித்தால் இங்கிலாந்து ரொம்ப தூரமாகத் தெரியாது.

பேய்க்கு முன்னால் காடு

இந்தத் தந்திரம் நமக்குப் புதிதல்ல. குலோத்துங்க சோழன் காலத்தில் ஜெயங்கொண்டார் பாடிய கலிங்கத்துப்பரணியைப் பாருங்கள். கலிங்கப் போரைப் பாட வந்த நூல் அது. ஆனால் போர் வர வெகுநேரம் ஆகிறது. அதற்கு வெகு முன்பே காடு பாடியது என்று ஒரு பகுதி. அடுத்து கோயில் பாடியது. பிறகு தேவியைப் பாடியது. அதற்கும் பிறகுதான் பேய்களைப் பாடியது. காட்டைக் காட்டி, காட்டுக்குள் கோயிலைக் காட்டி, கோயிலுக்குள் காளியைக் காட்டி, கடைசியில்தான் பேயைக் காட்டுகிறார் புலவர். வாசகர் நாலு வாசல் தாண்டி உள்ளே வந்தபிறகு திரும்பிப் போவது எப்படி?

அந்தக் காடு இருட்டுக் காடும் இல்லை. வெயிலில் வெந்து கருகிக் கிடக்கும் பாலை. பயத்துக்கு ராத்திரிதான் வேண்டும் என்பதில்லை என்று தமிழ் எப்போதோ கண்டுபிடித்துவிட்டது. "உச்சி வேளையில புளியமரத்தடிக்குப் போகாதே" என்று பாட்டிகள் சொல்வதும் அதைத்தான். நண்பகலில் ஊர் அடங்கிவிடும். நிழல் காலடிக்குள் சுருங்கிவிடும். காற்று நின்றுபோகும். கரிசல் காட்டில் தனியாக நிற்கும் ஒரு மரம், கண்ணைக் கூசும் வெளிச்சத்தில், ராத்திரியைவிட அதிகம் பயமுறுத்தும். கரிசல் மண்ணின் கதைகளைத் தேடித் தேடித் தொகுத்த கி.ராஜநாராயணனுக்கு இது நன்றாகத் தெரிந்த உலகம்.

ஊரே காத்திருந்த கதை

தூரத்துக்கு அடுத்தது காத்திருப்பு. ஸ்ரீவில்லிபுத்தூர் பிறந்ததாகச் சொல்லப்படும் கதையே ஒரு காத்திருப்புதான்.

வில்லி, கண்டன் என்று இரண்டு வேடுவச் சகோதரர்கள். மல்லி என்ற வேடுவ அரசியின் பிள்ளைகள். வேட்டைக்குப் போனார்கள். கண்டன் காட்டுக்குள் போனவன் திரும்பவில்லை. வில்லி தேடுகிறான். கூப்பிடுகிறான். பதில் இல்லை. தேடித் தேடிக் களைத்து ஒரு மரத்தடியில் தூங்கிவிடுகிறான். தம்பியைப் புலி கொன்றுவிட்டது என்ற உண்மை அவனுக்குக் கனவில்தான் தெரிகிறது. கனவில் வந்த பெருமாள் சொன்னபடி காட்டைத் திருத்தி அவன் உண்டாக்கிய ஊர் வில்லிபுத்தூர்.

இதில் நாம் புலியைப் பார்க்கவே இல்லை. கவனித்தீர்களா? பார்த்ததெல்லாம் ஓர் அண்ணன் கூப்பிட்டுக்கொண்டே போவதும், காடு பேசாமல் இருப்பதும்தான். புலி பாய்ந்ததை விவரித்திருந்தால் அது வேட்டைக் கதையாகியிருக்கும். பதில் வராத குரல் மனத்தில் தங்கிவிடுகிறது.

அந்தக் காடு இன்னும் இருக்கிறது. ஊருக்கு மேற்கே செண்பகத்தோப்பு. 1988-ல் அறிவிக்கப்பட்ட சாம்பல் நிற அணில் சரணாலயம் இந்த மலைப்பகுதிதான். 2021-ல் மேகமலையோடு சேர்த்து ஸ்ரீவில்லிபுத்தூர் – மேகமலை புலிகள் காப்பகம் ஆனது. பகலில் அங்கே தலைக்கு மேல் இலை படபடவென்று ஆடினால் பெரும்பாலும் அணிலாகத்தான் இருக்கும். ஆனால் அண்ணாந்து பார்த்து, அது அணில்தான் என்று தெரிகிற வரைக்கும் இரண்டு நொடி ஆகிறது. அந்த இரண்டு நொடியை இரண்டு பக்கமாக நீட்டத் தெரிந்தவர்தான் சஸ்பென்ஸ் எழுத்தாளர்.

மடவார் வளாகத்துக்கும் ஒரு காத்திருப்புக் கதை உண்டு. 1623 முதல் 1659 வரை மதுரையை ஆண்ட திருமலை நாயக்கருக்குத் தீராத நோய் வந்தது, இங்கே வந்து வழிபட்டுக் குணமானார், கோயிலுக்கு நிறையத் திருப்பணி செய்தார் என்கிறது ஊர். மதுரைக்குத் திரும்பிய பிறகும் இங்கே உச்சிகால பூஜை முடிந்தது தெரியாமல் அவர் சாப்பிட மாட்டாராம். அதற்காக வழிநெடுக நகரா மண்டபங்கள். இங்கே பூஜை முடிந்ததும் ஒரு முரசு முழங்கும். அது கேட்டு அடுத்த மண்டபத்தில் முரசு. அதைக் கேட்டு அடுத்தது. இப்படியே எழுபது கிலோமீட்டருக்கு மேல் சத்தம் கைமாறிக் கைமாறி அரண்மனை போய்ச் சேரும்.

மன்னர் இலையின் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். சோறு ஆறுகிறது. தெற்கே காது கொடுக்கிறார். இன்று முரசு ஏன் இன்னும் கேட்கவில்லை? பூஜை தாமதமா? நடுவில் ஒரு மண்டபத்தில் ஆள் இல்லையா? அல்லது கோயிலில் ஏதாவது... கதையில் பேயும் இல்லை, புலியும் இல்லை. ஒரு சத்தம் வர வேண்டிய நேரத்தில் வரவில்லை, அவ்வளவுதான். கல்லூரியிலிருந்து பெண் வர வேண்டிய பஸ் போய்விட்டது, செல்போன் 'ஸ்விட்ச் ஆஃப்' என்கிறது என்றால், எந்த வீட்டிலும் அந்த மன்னர் உட்கார்ந்திருப்பார்.

வீட்டுக்குள் வந்த வாசனை

காடு, மலை, பாழடைந்த மண்டபம் இருந்தால் பயமுறுத்துவது சுலபம். கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருப்பவரைப் பயமுறுத்த முடியுமா? முடியும் என்று 1943-ல் காட்டினார் புதுமைப்பித்தன். கதையின் பெயர் 'காஞ்சனை'.

கதை சொல்பவர் ஓர் எழுத்தாளர். நடுராத்திரி தூக்கம் வரவில்லை. பக்கத்தில் மனைவி தூங்குகிறாள். எங்கிருந்தோ ஒரு வாடை வருகிறது. வருகிறது, போகிறது. மறுபடி வருகிறது. பிறகு பிச்சை கேட்டு ஒருத்தி வாசலுக்கு வருகிறாள். இரக்கப்பட்டு மனைவி அவளை வீட்டு வேலைக்கு வைத்துக்கொள்கிறாள். அவள் பெயர் காஞ்சனை. இனி வீடு பழைய வீடாக இல்லை. சுவர் அதேதான், விளக்கு அதேதான். ஆனால் எழுத்தாளர் ராத்திரியில் கண்ணை மூட முடியவில்லை.

இங்கே இடம் வேலை செய்வது மூக்கு வழியாக. கண்ணால் பார்ப்பதை மறுக்கலாம், 'நிழல்' என்று சொல்லிவிடலாம். வாசனையை என்ன சொல்ல? கதவைச் சாத்தினாலும் உள்ளே வருகிறது. தலபுராணத்தில் தெரிந்த முகம் காட்டுக்குள் வந்தது. காஞ்சனையில் தெரியாத முகம் வீட்டுக்குள் வருகிறது. ஒன்றை உள்புறம் வெளிப்புறமாகத் திருப்பினால் மற்றது.

பேயை நம்புகிறீர்களா என்று கேட்டவரிடம், இல்லை என்றுதான் நம்புகிறேன், ஆனாலும் பயமாக இருக்கிறதே என்ற பொருளில் புதுமைப்பித்தன் பதில் சொன்னார். காஞ்சனை தொகுப்பின் முன்னுரையில் அதை அவரே எழுதியிருக்கிறார். தூணின் நிழலைப் பார்த்து ஒரு நொடி நின்றுவிட்டு நடப்பவர்கள் எல்லாருக்கும் பொருந்தும் பதில்.

கூப்பிட்டும் யாரும் வராத இடம்

இதுவரை சொன்னதெல்லாம் எழுத்தாளரின் கைவேலை. ஆனால் சில இடங்கள் எந்த எழுத்தாளரும் தொடாமலேயே பயமுறுத்துகின்றன. ஏன்?

தென் மாவட்டங்களில் பழைய சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல் தூண், மேலே குறுக்காக ஒரு பலகைக் கல். தலைச்சுமையோடு வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் சுமையை இறக்கி வைத்து இளைப்பாறலாம். பிள்ளை பெறாமல், வயிற்றுச் சுமையோடு இறந்துபோன கர்ப்பிணிகளின் நினைவாக அவற்றை நட்டு வைப்பது வழக்கம். இறக்கி வைக்க முடியாமல் போன அவள் சுமையை, வழிப்போக்கர்கள் ஒவ்வொருவராக அவளுக்காக இறக்கி வைக்கிறார்கள்.

சிறுவர்களிடம் கேட்டால் சுமைதாங்கிப் பக்கம் ராத்திரி போகக்கூடாது என்பார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பயம் மட்டும். அதற்கு அடியில் இருப்பது ஒரு வீட்டின் துக்கம்.

இன்னும் தெற்கே, ஆரல்வாய்மொழி அருகே முப்பந்தல். அங்கே இசக்கி அம்மன். இசக்கி கதைக்குப் பல வடிவங்கள் உண்டு. ஒன்றில் அவள் கோயிலில் ஆடும் குடும்பத்துப் பெண். நகைக்கு ஆசைப்பட்ட காதலன் காட்டு வழியில் அவளை நம்பவைத்துக் கொன்றுவிடுகிறான். சாட்சி, பக்கத்தில் நின்ற கள்ளிச்செடி மட்டும். அவள் மறுபடி பிறந்து, கள்ளிக் கொப்பைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு அவனைத் தேடி வருகிறாள். கேட்டவர்கள் நடுங்கிய கதை அது. பிறகு அதே ஜனங்கள் அவளுக்குக் கோயில் கட்டி, பிள்ளை வரம் கேட்டுத் தொட்டில் கட்டுகிறார்கள்.

இப்போது மடவார் வளாகம் என்ற பெயரைப் பாருங்கள். மடவார் என்றால் பெண்கள். கோயிலில் ஆடிப் பாடிய பெண்கள் குடியிருந்த இடம் என்று அதற்குப் பொருள் சொல்கிறார்கள். இசக்கி கதையிலும் ஆடும் பெண், காட்டு வழி, தனிமை. இங்கேயும் ஒரு பெண், காட்டு வழி, தனிமை. அங்கே அவள் குரல் கேட்டு யாரும் வரவில்லை. அந்த இடம் பயங்கரமானது. இங்கே அவள் கூப்பிட்டதும் ஒருவர் வந்தார். இந்த இடம் வைத்தியசாலை ஆனது.

தமிழ்நாட்டில் நாம் பயப்படும் இடங்களின் கதையை விசாரித்தால், பெரும்பாலும் யாரோ ஒரு பெண் கூப்பிட்டும் ஆள் வராமல் போன இடமாக அது இருக்கும். கிணற்றடி, ஊர் எல்லைப் புளியமரம், ஆற்றுத் துறை. பேய்க்கதை அந்தக் கூப்பாட்டை மறக்கவிடாமல் வைத்திருக்கிறது. நல்ல திகில் சிறுகதை அந்த இடத்தை நமக்குக் காட்டும்போது, பயத்தோடு கொஞ்சம் குற்ற உணர்ச்சியும் வருவது அதனால்தான். அப்படி வராத கதைகள் புத்தகத்தை மூடியதும் மறந்துபோகின்றன.

பயக் கதைகள் செய்கிற இன்னொரு காரியத்தையும் சொல்ல வேண்டும். யார் எந்த வழியில் எத்தனை மணிக்கு நடக்கலாம் என்பதையும் அவை தீர்மானித்துவிடுகின்றன. "மோகினி நிற்பாள்" என்றால் ஆண்பிள்ளைகள் ஒரு ராத்திரிதான் பயப்படுவார்கள். பெண்பிள்ளைகளுக்கோ அந்தத் தெரு வருஷக்கணக்கில் மூடிவிடும். பேயைச் சொல்லிப் பயமுறுத்துவதைவிட, அங்கே ஒரு தெருவிளக்கைப் போட்டுவிடலாம் என்று நினைக்கிறவர்கள் இப்போது எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2008-ல் 108 ஆம்புலன்ஸ் வந்தபிறகு, நிறைமாதக்காரி காட்டு வழியில் தனியாக நடக்க வேண்டிய கட்டாயமும் குறைந்திருக்கிறது. கூப்பிட்டால் ஆள் வரும் என்ற நம்பிக்கைதான் இரண்டுக்கும் அடிப்படை.

இருட்டில் கூட்டமாக

இதே ஊரில் இருட்டுக்கு இன்னொரு கதையும் உண்டு. அது ஆண்டாளுடையது. மார்கழி விடியற்காலை, குளிர், வெளிச்சம் வராத தெரு. திருப்பாவைப் பெண்கள் வீடு வீடாகப் போய் ஒருத்தியை ஒருத்தி எழுப்புகிறார்கள். பறவை சத்தம் கேட்கிறது, சங்கு சத்தம் கேட்கிறது, தயிர் கடையும் சத்தம் கேட்கிறது. திகில் கதைக்கு வேண்டிய எல்லாம் இருக்கிறது: இருட்டு, பாதி தெரிகிற உருவம், எங்கிருந்தோ வரும் ஒலி. ஆனால் யாருக்கும் பயம் இல்லை. ஏனென்றால் யாரும் தனியாக இல்லை. கூப்பிடுகிறார்கள், பதில் வருகிறது. கேலியாக வந்தாலும் பதில் வருகிறது.

இப்போதும் மார்கழியில் ஸ்ரீவில்லிபுத்தூர் தெருக்களில் விடியுமுன் கோலம் போடும் பெண்களைப் பார்க்கலாம். ஒரு வாசலிலிருந்து இன்னொரு வாசலுக்குப் பேச்சு போய்க்கொண்டே இருக்கும். அந்தத் தெருவில் பேய்க்கதை எழுத நினைக்கும் எழுத்தாளர் முதலில் அந்தப் பேச்சை நிறுத்த வேண்டியிருக்கும்.

போகிறவர்களுக்கு

ஸ்ரீவில்லிபுத்தூர் மதுரையிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் அளவில். விருதுநகர் – தென்காசி ரயில் பாதையில் ஸ்டேஷன் உண்டு. மதுரை, ராஜபாளையம், தென்காசியிலிருந்து பஸ்கள் நிறைய. பஸ் ஸ்டாண்டிலிருந்து மடவார் வளாகத்துக்கு ஆட்டோவில் சில நிமிடங்கள்தான். செண்பகத்தோப்பு போக நினைப்பவர்கள் வனத்துறை அனுமதிக்கும் இடத்தில், அனுமதிக்கும் நேரத்தில் மட்டும் போக வேண்டும். வெளிச்சம் இருக்கும்போதே திரும்பிவிட வேண்டும். மலை நிழல் சீக்கிரம் இறங்கும் ஊர் இது.

குழந்தைகளோடு போகிறவர்கள் ஒரு காரியம் செய்யலாம். கோயிலுக்குள் போய் ஒரு ஓரமாக உட்கார்ந்து அந்தக் கர்ப்பிணியின் கதையைச் சொல்லுங்கள். இரண்டாவது அம்மா ஓடி வருகிற இடத்தில் நிறுத்திவிடுங்கள். "முதல்ல வந்த அம்மா யாரு?" என்று குழந்தைகளையே கேளுங்கள். சிலர் பேய் என்பார்கள். சிலர் சாமி என்பார்கள். கொஞ்சம் விவரமான குழந்தை வேறொன்றைக் கேட்கும்: "நிஜ அம்மா ஏன் லேட்டா வந்தாங்க?"

அதற்கும் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். மகளை அழைத்துப்போக ஓடி வந்துகொண்டிருந்த அந்த அம்மாவுக்கும் அதே காடு, அதே தூரம். அவளுக்கு மட்டும் பயமாக இருந்திருக்காதா? இருட்டில் அவள் ஒவ்வொரு அடியிலும் என்னென்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பாள்? அவள் பக்கத்திலிருந்து அந்தக் கதையை இன்னும் யாராவது எழுத வேண்டும்.

சாயரட்சை மணி அடிக்கும்போது கோயிலில் விளக்குகள் ஏற்றியிருப்பார்கள். தூணின் நிழல் வேறு பக்கம் சாய்ந்திருக்கும். வெளியே வந்தால் மேற்கே மலை முழுசாகக் கறுத்திருக்கும். ராஜபாளையம் பஸ் வெளிச்சத்தோடு திரும்பி வரும். வாசலில் நிற்கிற அம்மாக்கள் பிள்ளைகள் கையை ஒரு பிடி இறுக்கமாகப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடப்பார்கள்.